பொலித்தீன் கழற்றாத கதிரை

தீவுப் பகுதியில் புதிய முகம் ஒன்றைக் கண்டால் யாரும் பெயர் கேட்பதில்லை. "ஆற்றை ஆள்?", அதாவது யாருடைய ஆள் என்பதுதான் முதற் கேள்வி. அப்பன் யார், அம்மாவின் ஊர் எது, எங்கே கட்டினது, கூடப்பிறந்ததில் எத்தனை பேர் வெளிநாடு என்று விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, எழும்பிப் போகிற நேரத்தில், "அதுசரி, உம்மடை பேர் என்ன?" என்று கேட்டாலும் கேட்பார்கள், கேளாமல் விட்டாலும் விடுவார்கள். பெயர் தெரியாமலே ஒருவரின் மூன்று தலைமுறையைத் தெரிந்து வைத்திருப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

ஊர்காவற்றுறை ஜெயந்தாவுக்கு இந்த வழக்கத்தோடு ஆறு வருடமாகச் சண்டை. "பஸ்ரியாம்பிள்ளையின்ரை மோள், றொஜன்ரை மனிசி" என்று சொல்லிவிட்டால் கேட்டவர்களுக்குத் திருப்தி. அவளுக்குத்தான் திருப்தி இல்லை. அப்பனும் புருசனும் கடலில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள், ஒரு குறையும் சொல்ல ஏலாத மனிசர். அதற்காக அவர்கள் இரண்டு பேரையும் சொன்னதோடு தன் கதை முடிந்துவிட்டால் தான் எங்கே போய் நிற்பது என்பது அவளுடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆகவே நாற்பத்து மூன்று வயது ஜெயந்தா தன்னைத் தானே சொல்லப் பழகிக்கொண்டாள். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி வரிசை, சாட்டிக் கடற்கரையில் பக்கத்தில் பாய் விரித்துப் புட்டுத் தின்கிற முன்பின் தெரியாத குடும்பம், எதுவாக இருந்தாலும் ஒரே பேச்சு. "நான் ஜெயந்தா. கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரிலை வேலை. அதோடை நான் எழுதிறனான். என்ரை சீவியத்திலை நடக்கிறதை எழுதி இன்ரநெற்றிலை போடுறனான். 'இண்டைக்கு நடந்தது' எண்டு தேடினால் வரும். வாசிச்சுப் பாருங்கோ."

கேட்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"பேப்பரிலை வாறதோ?"

"இல்லை அன்ரி."

"யூடியூப்போ?"

"இல்லை. எழுத்து."

"ஆர் சம்பளம் தாறது?"

"ஒருத்தரும் தாறேல்லை."

"அப்ப ஏன் பிள்ளை எழுதிறீர்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் ஆளுக்கு ஒரு மறுமொழி சொல்லுவாள். வயது போனவர்களுக்கு, "எழுதாட்டி நித்திரை வராது" என்பாள். வாலிபப் பிள்ளைகளுக்கு, "நீங்கள் ஏன் படம் பிடிச்சுப் போடுறியள்?" என்று திருப்பிக் கேட்பாள். பங்குத்தந்தை ஒருமுறை கேட்டபோது, "பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஒத்திகை, ஃபாதர்" என்றாள். அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நாவடக்கம் பற்றி அரை மணித்தியாலம் பேசினார்.

றொஜனின் கருத்து வேறு. "உனக்கு வாய் காணாதெண்டு ஆண்டவர் விரலையும் திறந்துவிட்டிட்டார்" என்பான். ஆனாலும் கடலுக்குப் போய் வந்து கால் கழுவியதும், "இண்டைக்கு என்ன எழுதினனீ?" என்று கேட்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டான். தான் பிடிக்கிற மீனைத் தானே தின்னாத மனிசன் என்று அவனைப் பற்றி அவள் எழுதியதைப் பாரிசில் இருக்கிற அவனுடைய சிநேகிதர்கள் வாசித்துச் சிரித்ததில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. ஸ்கூட்டி பழகப் போய் கோயில் மதிலில் ஏற்றினது, பெருநாளுக்கு யார் வெடி வாங்குவது என்று நடந்த சண்டை, ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் கதிரையோடு விழுந்தது என்று ஆறு வருடத்தில் நானூறுக்கு மேல் எழுதிவிட்டாள். யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் முதலே சொல்லிவிடுவாள். "கவனம், நான் எழுதிறனான்" என்று எச்சரித்த பிறகும் மனிசர் கதைக்கத்தான் செய்வார்கள். இன்னும் கூடக் கதைப்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தரம் சொல்லாமல் விட்டாள். அதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல்.

மாசி மாதம் ஒரு காலை நேரம். நெடுந்தீவில் சங்கக் கூட்டம் ஒன்றிருந்ததால் அவள் குறிகட்டுவானில் படகு ஏறினாள். முதல்நாள்தான் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாய்க்குள் பஞ்சு. பேச ஏலாது. பிறந்ததிலிருந்து முதற்தடவையாக ஜெயந்தா ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் பேசுவதைக் கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவள் நெடுந்தீவுக்காரி, ஐம்பத்தைந்து அறுபது இருக்கும். யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு ஊர் திரும்புகிறாள். படகு வெளிக்கிட்டதும் தொடங்கிவிட்டாள்.

"சம்பந்தி வீட்டிலை கதிரைக்குப் போட்ட பொலித்தீனை இன்னும் கழட்டேல்லைப் பிள்ளை. இருந்தால் வழுக்குது. எழும்பினால் கதிரையும் என்னோடை எழும்பி வருது. தேத்தண்ணிக் கோப்பையை அலுமாரியிலை திறப்புப் போட்டு எடுத்தா. குடிச்சு முடிய, கழுவித் துடைச்சுத் திரும்பப் பூட்டிப்போட்டா. நான் என்ன, கோப்பையைச் சீலைக்குள்ளை சுத்திக்கொண்டு நெடுந்தீவுக்கு நீந்துவன் எண்டே நினைச்சவ? கருவாடும் பனை ஒடியலும் கொண்டுபோனன். மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிக் கிணத்தடியிலை வைச்சா. இரவு மணந்தது என்ன தெரியுமே? அந்தக் கருவாடுதான், பொரிச்ச மணம்!"

ஜெயந்தாவுக்குச் சிரிக்கவும் ஏலாது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அன்று மாலை வீடு வந்ததும் குந்தியிருந்து எழுதினாள். பெயர் போடவில்லை. 'பொலித்தீன் கழற்றாத கதிரை' என்று தலைப்பு வைத்தாள். அவள் எழுதிய நானூறிலும் கூடுதலாக வாசிக்கப்பட்டது அதுதான். கனடாவிலும் சுவிசிலும் இருந்து, "இது எங்கட மாமி வீடு", "இல்லை, இது எங்கட பெரியம்மா வீடு" என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். பொலித்தீன் கழற்றாத கதிரை இல்லாத சாதிசனம் உலகத்தில் எவருக்கும் இல்லைப் போலும் என்று ஜெயந்தா சந்தோசப்பட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, ஆடியில், கீழே ஒரு குறிப்பு வந்தது. எழுதியவள் கனடாவில் இருக்கிற ஒரு பெண்.

"அந்தக் கதிரை நான் காசு அனுப்பி அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது. அண்ணியின்ரை தாய் படகிலை கதைச்சதை நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்கள். நான் வாசிச்சுக் கோவத்திலை அம்மாட்டைச் சொன்னன். அது என்ரை பிழை. இப்ப அண்ணிக்கு எட்டாம் மாசம். தாயோடை கதைக்கிறதை அப்பவே விட்டிட்டா. பிள்ளைப்பேறுக்குத் தாய் வாறதும் வேண்டாமாம். உங்களுக்குச் சிரிப்பு, எங்கடை வீட்டிலை ஒரு தாயும் மோளும் பிரிஞ்சுபோச்சினம்."

ஜெயந்தா அதை மூன்று தரம் வாசித்தாள். தலைப்பிள்ளைப் பேறுக்குப் பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் போவதென்றால் எங்கள் பக்கத்தில் அது சின்ன விசயமில்லை. அவளுடைய முதற் பிள்ளைக்கு அம்மா பதினைந்து நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவள்.

"அழிச்சுப்போட்டுப் பேசாமல் இரன்" என்றான் றொஜன்.

"அழிச்சால் நான் எழுதேல்லை எண்டு ஆகுமே?"

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"போய் என்னைச் சொல்லப்போறன். அண்டைக்குச் சொல்லாததை."

றொஜன் மறுத்துப் பேசவில்லை. பேசினாலும் அவள் கேட்கிறவளில்லை. வியாழக்கிழமை கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, வேலணையைத் தாண்டி, புங்குடுதீவுப் பாலத்தில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி, குறிகட்டுவானில் ஸ்கூட்டியை விட்டுப் படகு ஏறினாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் நடை இன்னும் வேகமாகும், அவ்வளவுதான்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். றஜீபன் என்று ஒரு பொடியன், சாமான் பை இல்லாமல் வருகிற ஆளைக் கண்டதும், "குதிரை, பெருக்க மரம், கோட்டை, மூண்டும் காட்டி ரெண்டரைப் படகுக்குக் கொண்டுவந்து விடுறன் அக்கா" என்றான்.

"எனக்குக் குதிரை வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போகவேணும்."

"ஆற்றை வீடு?"

அங்கேதான் அவளுக்குத் தட்டியது. ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து கேட்டு, ஊர் உலகமெல்லாம் வாசிக்க எழுதியவளுக்கு அந்த மனிசியின் பெயர் தெரியாது. எங்கள் சனத்தின் வழக்கத்தைக் குறை சொல்லித் திரிந்தவள் அதே குழியில் விழுந்து கிடந்தாள்.

"பேர் தெரியாது தம்பி. மோளை யாழ்ப்பாணத்திலை கட்டிக்குடுத்தவ. சம்பந்தி வீட்டோடை..."

"ஓ, சின்னத்தங்கம் மாமியோ!" றஜீபன் ஓட்டோவை முடுக்கிவிட்டான். "ஏறுங்கோ. பாவம் மனிசி. மோள் கம்சிகா அக்காவுக்கு இனிப் பிள்ளை பிறக்கப்போகுது. போன் எடுத்தால் எடுக்கிறாவே இல்லையாம். எல்லாம் அந்தச் சிவக்கொழுந்தாலை வந்த வினை."

"அது ஆர்?"

"சின்னத்தங்கம் மாமியின்ரை மச்சாள், புருசன்ரை தங்கச்சி. பக்கத்து வளவு. மாசி மாசம் ரெண்டு பேரும் ஒரே படகிலை வந்தவை. மாமி ஏதோ சம்பந்தியைப் பற்றிக் கதைச்சிருக்கிறா. படகிலை கதைச்சது எல்லாம் தெரியும் எண்டு சம்பந்தி சொல்லியிருக்கிறா. பிறகென்ன? படகிலை பக்கத்திலை இருந்தது சிவக்கொழுந்து. ஆர் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பினம்? அம்மன் கோயில் வாசலிலை வைச்சு மாமி மண் அள்ளித் திட்டினவ. அண்டையிலை இருந்து ரெண்டு வளவும் பேச்சுப் பறைச்சல் இல்லை."

ஜெயந்தா ஓட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். நெடுந்தீவில் எந்தக் கதையும் படகில் ஏறித்தான் வரவேண்டும், படகில் ஏறித்தான் போகவேண்டும். ஆகவே கதை வெளியே போனால் படகில் யாருடைய வாய் இருந்தது என்றுதான் தேடுவார்கள். மற்றப் பக்கத்தில் கன்னம் வீங்கிப் பேசாமல் இருந்தவளை யார் நினைப்பார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். தாயும் மகளும் மட்டுமென்று நினைத்து வந்தாள். இங்கே இன்னொருத்தி ஐந்து மாதமாகச் செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

படலையைத் திறந்ததும் சின்னத்தங்கம் முற்றத்துக்கு வந்தாள். அதே மனிசி, கொஞ்சம் மெலிந்திருந்தாள். வீக்கம் வற்றிய ஜெயந்தாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தோளில் பை, கையில் போன், வெயிலுக்குத் தொப்பி. அது போதும். "இருங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே ஓடி, ஒரு பிளாஸ்ரிக் உறையோடு வந்தாள். அதற்குள் குடும்ப அட்டைப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, விதானையாரின் கடிதம் எல்லாம் அடுக்காக இருந்தன.

"நீங்கள் எந்த நிறுவனம் பிள்ளை? தண்ணித் தாங்கிக்கோ, கோழிக்கூட்டுக்கோ? போன கிழமை வந்தவை வீடியோ எடுக்கவேணும், அழுதுகொண்டு சொல்லுங்கோ எண்டினம். நான் மாட்டன் எண்டிட்டன். நீங்களும் அப்பிடியோ?"

முப்பது வருடமாக உதவி நிறுவனங்களின் பை கொளுவிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் பதிவு எடுக்கத்தான் வந்தார்கள். அந்த மனிசியைக் குறை சொல்லி என்ன? ஜெயந்தா உறையை இரண்டு கையாலும் வாங்கித் திரும்ப அவள் மடியில் வைத்தாள்.

"அக்கா, நான் நிறுவனம் இல்லை. உங்களுக்குத் தர என்னட்டை ஒண்டும் இல்லை. என்ரை பேர் ஜெயந்தா. ஊர்காவற்றுறை. நான் எழுதிறனான். மாசி மாசம் படகிலை உங்களுக்குப் பக்கத்திலை கன்னம் வீங்கின ஒருத்தி இருந்தவள், நினைவிருக்கே? அது நான். நீங்கள் கதிரையைப் பற்றிச் சொன்னதெல்லாத்தையும் நான் எழுதிப் போட்டனான். உங்களைக் கேளாமல். அதை உங்கடை மருமோன்ரை தங்கச்சி கனடாவிலை வாசிச்சுத்தான் சம்பந்திக்குச் சொன்னவ. சிவக்கொழுந்து அக்கா ஒண்டும் சொல்லேல்லை."

இப்படி ஒரே மூச்சில் அவள் தன்னை யாருக்கும் சொன்னதில்லை. திட்டுவாள், மண் அள்ளுவாள், படலையைக் காட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றாள்.

சின்னத்தங்கம் உறையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "என்ன எழுதினீர்? வாசியும்" என்றாள்.

ஜெயந்தா போனை எடுத்து வாசித்தாள். கைதேர்ந்த எழுத்து, அதில் சந்தேகமில்லை. கதிரையும் சேர்ந்து எழும்பி வருகிற இடத்தில் சின்னத்தங்கத்தின் உதடு துடித்தது. கோப்பையைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு நீந்துகிற இடத்தில் தன்னை மறந்து சிரித்தேவிட்டாள். "நான்தானே சொன்னனான் உது!" என்று தொடையில் தட்டினாள். பொரித்த கருவாட்டோடு எழுத்து முடிந்தது. ஜெயந்தா போனைத் தாழ்த்தினாள்.

"மிச்சம் எங்கை?" என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

"இவ்வளவுதான் அக்கா."

"இவ்வளவுதானோ? நயினாதீவு கடந்தாப்போலை நான் அழுதனே. பிள்ளை தன்ரை கட்டிலை எனக்குத் தந்திட்டுப் பாயிலை படுத்தவள் எண்டு சொன்னனே. மூண்டு மாச வயித்தோடை நிலத்திலை படுத்தவள். விடியக் கேற்றடியிலை நிண்டவள், ஓட்டோ திரும்புமட்டும் நிண்டவள், கையைப் பாத்தன், வளையல் முழங்கைக்குப் போகுது, அந்தப் பிள்ளையை விட்டிட்டு வாறனே எண்டு சொல்லிச் சொல்லி அழுதனே. உமக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டது."

"அப்ப ஏன் எழுதேல்லை?"

ஜெயந்தாவுக்குப் பொய் சொல்ல ஒரு கணம் போதும், அவ்வளவு கெட்டிக்காரி. சொல்லவில்லை. "எழுதினால் சிரிப்புக் கெட்டுப்போகும் எண்டு வெட்டிப்போட்டன்" என்றாள். ஆறு வருடமாக 'நடந்ததை எழுதிறனான்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நடந்ததில் பாதியை வெட்டி எறிந்திருக்கிறாள்.

சின்னத்தங்கம் எழும்பி வளவின் கிழக்குப் பக்கமாக நடந்தாள். அங்கே இரண்டு வளவுக்கும் நடுவில் கல்வேலி. நெடுந்தீவில் வேலி கல்லால்தான். அந்த வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு முன்பு ஒரு பொட்டு இருந்திருக்கிறது. கறி மாறவும் நெருப்பு வாங்கவும் போய்வந்து தேய்ந்த தடம் இன்னும் தெரிந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அதைக் கல் அடுக்கி அடைத்தவளும் சின்னத்தங்கம்தான். இப்போது குனிந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து எறியத் தொடங்கினாள். ஜெயந்தாவும் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டாள். முருகைக்கல் கையைக் கிழித்தது.

சத்தம் கேட்டு மற்றப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். நரைத்த கொண்டை, கையில் அகப்பை. சிவக்கொழுந்து என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கல் விழுவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ஜெயந்தா" என்றாள் இவள், வேலிக்கு மேலால். "எழுதிறனான். படகுக் கதையை வெளியிலை விட்டது நீங்கள் இல்லை, நான்."

"நான் இல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் சிவக்கொழுந்து. "அதை எனக்கேன் சொல்லுறீர்? உவவுக்குச் சொல்லும்."

"சொல்லிப்போட்டன்."

சிவக்கொழுந்து அகப்பையை வேலிக் கல்லில் வைத்தாள். "அஞ்சு மாசம்" என்றாள். "கடைக்குப் போறதெண்டாலும் சுத்திப் போறன். ஆருக்கும் முன்னாலை வாய் திறக்கப் பயம். கம்சிகாவை நான் தூக்கி வளத்தனான். என்ரை வாயாலை அவளுக்குக் கெடுதி வருமே மச்சாள்?"

சின்னத்தங்கம் கல்லைக் கீழே போட்டாள். "என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்கவேணும்" என்றாள். பொட்டு இன்னும் முழங்கால் உயரத்துக்கு அடைத்துத்தான் இருந்தது. சிவக்கொழுந்து சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததை ஜெயந்தா பார்க்காதது போல மற்றப் பக்கம் திரும்பினாள். எழுதுகிறவளுக்கும் சில நேரம் முதுகு காட்டத் தெரியவேண்டும்.

குசினிக்குள் மூன்று பேரும் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். சுவர்த் தட்டில் நாலு போத்தல் சரக்குத் தூள் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைத்துக் கொடுக்கிற சரக்கு. வறுத்து இடித்து அரித்து, மூடி இறுக்கி, துணி கட்டி வைத்திருந்தாள் சின்னத்தங்கம். கூப்பிடாத மகளுக்கு எல்லாம் ஆயத்தம்.

"நீங்கள் எடுத்தால் எடுக்கமாட்டாவோ?" என்று கேட்டாள் ஜெயந்தா.

"மணி அடிக்கும். பிறகு நிண்டிடும்."

"நம்பரைச் சொல்லுங்கோ. நான் எடுக்கிறன். என்னை அவவுக்குத் தெரியாதுதானே."

சிக்னல் முற்றத்து வேம்படியில்தான் என்றார்கள். மூவரும் வேம்படிக்குப் போனார்கள். இரண்டாம் மணியில் மறுபக்கம், "ஹலோ, ஆர்?" என்று ஒரு இளம் குரல் கேட்டது. ஜெயந்தா போனைச் சத்தமாகப் போட்டாள்.

"தங்கச்சி, என்ரை பேர் ஜெயந்தா. 'பொலித்தீன் கழற்றாத கதிரை' எழுதினது நான்."

கோவத்தில் உடனே வைத்துவிடுவாளோ என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"வாசிச்சனான்" என்றாள் கம்சிகா. "ஏழெட்டுத் தரம் வாசிச்சனான்."

"மாமி வீட்டிலை உங்களுக்குக் கரைச்சல் வந்திருக்கும். அதுக்கு..."

"மாமிக்கு ரெண்டு கிழமையிலை கோவம் ஆறிட்டுது. கதிரைப் பொலித்தீனையும் கழட்டி எறிஞ்சிட்டா. எனக்கு அது இல்லைப் பிரச்சினை." குரல் உடைந்தது. "அதிலை கதிரை இருக்கு, கோப்பை இருக்கு, கருவாடு இருக்கு. நான் எங்கை? வயித்துப் பிள்ளையோடை ரெண்டு நாள் அவவுக்குப் பின்னாலையே திரிஞ்சனான். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா என்னைப் பாக்க வந்தவவோ, கதிரையைப் பாக்க வந்தவவோ?"

சின்னத்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயந்தா வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். வெட்டி எறிந்த எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில், பாய், கேற்றடி, ஓட்டோ திரும்புமட்டும் நின்றது, முழங்கைக்குப் போன வளையல். நயினாதீவு கடந்ததும் அந்த மனிசி சிரிப்பை விட்டுவிட்டு, நெடுந்தீவு வரும்வரை பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை, நடந்தபடி சொன்னாள்.

"பொய் சொல்லாதேங்கோ" என்றாள் கம்சிகா. அழுகிறாள் என்று தெரிந்தது.

"உண்மை மோளே!" என்று சிவக்கொழுந்து போனுக்குள் கத்தினாள். "நானும் பக்கத்திலைதான் இருந்தனான். முந்தானை நனைஞ்சு போச்சு, என்ரை லேஞ்சியையும் வாங்கினவ!"

"சிவக்கொழுந்து மாமியோ? அம்மாவும் நீங்களும் கோவம் எண்டெல்லோ சொன்னவை?"

"அது பழைய கதை. இப்ப ஒரு கோப்பையிலை தேத்தண்ணி குடிக்கிறம்."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மாட்டைக் குடுங்கோ."

சின்னத்தங்கம் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். ஐந்து மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கே போனதோ. "சாப்பிட்டியே?" என்றுதான் கேட்டாள். பிறகு கேட்டுக்கொண்டு நின்றாள். "ஓம்... ஓம்... கால் வீங்கியிருக்கோ? உப்பைக் குறை... ஓம், வாறன். நாளைக்கு முதற் படகு. சரக்கெல்லாம் இடிச்சு வைச்சிருக்கிறன்... கதிரையிலை இருக்கிறன், ஓம், வாயைத் திறக்கமாட்டன்." கம்சிகா சிரிப்பது வேம்படி முழுக்கக் கேட்டது.

ஜெயந்தா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். றஜீபன் படலையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஹோர்ண் அடித்தான்.

"அம்மா, உது ஆர்?" என்று கம்சிகா கேட்டாள். "உங்களுக்குச் சொந்தமோ? ஆற்றை ஆள்?"

சின்னத்தங்கம் ஜெயந்தாவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒருத்தற்றை ஆளும் இல்லை" என்றாள். "ஜெயந்தா எண்டு பேர். அரைவாசி எழுதிறவ. மிச்சத்தைச் சொல்ல வந்தவ."